ஜெர்மனியில் ஓர் அமெரிக்க ராணுவக் குடியிருப்பின் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி: ஹைடெல்பெர்க்கை வைத்து ஒரு முழு வழிகாட்டி

என் வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பழைய சாக்கெட் இருக்கிறது. தட்டையான இரண்டு துளைகள், செங்குத்தாக. அதன் மேல் குறைந்தது நாலு தடவையாவது வெள்ளை பெயின்ட் அடித்திருப்பார்கள். ஜெர்மன் பிளக் எதுவும் அதில் போகாது. வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே "ஆமி வீடு" என்றார். அமெரிக்கர்களை ஜெர்மன்காரர்கள் பேச்சில் "ஆமி" என்றுதான் சொல்வார்கள். ராணுவக் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, டோஸ்டர் எல்லாம் 110 வோல்ட்டில் ஓடுபவை, அதனால் இந்த வீடுகளில் 110, 220 இரண்டுக்கும் தனித்தனி சாக்கெட் வைத்திருக்கிறார்கள்.

நான் இருப்பது ஹைடெல்பெர்க்கின் தென்பகுதியில், மார்க் ட்வைன் வில்லேஜ் என்று பெயர் வைக்கப்பட்ட குடியிருப்பில். 2013 வரை இங்கே அமெரிக்க ராணுவம் இருந்தது. அந்த சாக்கெட்டில் தொடங்கிய ஆர்வம் மூன்று வருடமாக என் சனிக்கிழமைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. இடையில் செய்த தப்புகள் நிறைய. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்வது ஜெர்மனியில் எந்த ஊராக இருந்தாலும் வழிமுறை பெரும்பாலும் இதுதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட குடியிருப்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு வேலி இருந்தது, வேலிக்கு உள்ளே ஒரு அரசாங்கம் ஆங்கிலத்தில் தாள் எழுதியது, வெளியே இன்னொரு அரசாங்கம் ஜெர்மனில் எழுதியது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு கோப்பு இருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தே இருக்காது. ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் பாதிக் கதைதான்.

முதல் படி: ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

"ஜெர்மனியில் அமெரிக்கப் படை" என்று தேட ஆரம்பித்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். 1980களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள், மனைவி மக்கள் தனி. ஒரு ஊர், அந்த ஊரில் ஒரு முகாம், முடிந்தால் ஒரே ஒரு கட்டிடம் என்று சுருக்குங்கள். கட்டிடத்தில் இருந்து ஊருக்குப் போகலாம், ஊரில் இருந்து கட்டிடத்துக்கு வருவது கஷ்டம்.

நான் எடுத்துக்கொண்ட ஊர் வசதியானது. ஹைடெல்பெர்க் இரண்டாம் உலகப் போரில் அதிகம் குண்டு வாங்காத நகரம். 1945 மார்ச் 29 அன்று பின்வாங்கிய ஜெர்மன் படையே அங்கிருந்த பழைய பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது, மறுநாள் அமெரிக்கர்கள் வந்துவிட்டார்கள். கூரை பெயராத வீடுகள், ஓடும் டிராம், நிற்கும் ஹோட்டல்கள். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தரைப்படையின் தலைமையகம் 1948 முதல் 2013 வரை இங்கேதான் இருந்தது, பிறகு விஸ்பாடனுக்கு மாறியது.

ஊர் வரைபடம் ஒன்றை வாங்கி அமெரிக்கர்கள் இருந்த இடங்களை எல்லாம் பென்சிலால் குறியுங்கள். ஹைடெல்பெர்க்கில் தலைமையகம் இருந்த காம்ப்பெல் பாரக்ஸ் (பாரக்ஸ் என்றால் படைமுகாம், ஜெர்மனில் காசெர்னே), அதன் பக்கத்திலேயே மார்க் ட்வைன் வில்லேஜ், ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலை ஓரம் பேட்ரிக் ஹென்றி வில்லேஜ் (எல்லோரும் பிஎச்வி என்பார்கள்), பேட்டன் பாரக்ஸ், ராணுவ மருத்துவமனை இருந்த நாக்ரிக்டன் காசெர்னே, ஒரு சின்ன விமானத்தளம். எல்லாம் சேர்த்து சுமார் 180 ஹெக்டேர் நிலம் படை போனபோது நகரத்துக்குக் காலியானது. இந்தப் பென்சில் வரைபடம் கடைசிவரை உங்கள் கூடவே இருக்கும், அதனால் நல்ல தாளில் எடுங்கள், என்னுடையது மடிப்பில் கிழிந்துவிட்டது.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல்

இதைத்தான் எல்லோரும் தாவிப் போகிறார்கள், நானும் தாவினேன், அதற்குத் தண்டமும் கட்டினேன்.

ஒரே இடத்துக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். காம்ப்பெல் பாரக்ஸ் 1937 இல் ஜெர்மன் ராணுவத்துக்காகக் கட்டப்பட்டது, அந்த ராணுவத்தின் காலத்தில் அதன் பெயர் க்ரோஸ்டாய்ச்லாண்ட் காசெர்னே. 1948 இல்தான் போரில் இறந்த சார்ல்ஸ் காம்ப்பெல் என்ற அமெரிக்க சார்ஜெண்டின் பெயரைச் சூட்டினார்கள். ஆக 1946 ஆம் வருடத்துக் கோப்பில் "காம்ப்பெல்" என்று தேடினால் ஒன்றும் வராது. நகரசபைக் கோப்பில் பழைய ஜெர்மன் பெயர் இன்னும் பல வருடம் தொடரும், அதுவும் வரும், இதுவும் வரும்.

அலுவலகங்களின் பெயர் இதைவிட மோசம். ஐரோப்பாவில் அமெரிக்கப் படையின் உச்சத் தலைமைக்கு 1945 ஜூலையில் யுஸ்ஃபெட் என்று பெயர், இடம் ஃபிராங்க்ஃபர்ட். 1947 மார்ச்சில் அது யூகாம் ஆனது, 1948 இல் ஹைடெல்பெர்க்குக்கு வந்தது. 1952 ஆகஸ்ட் 1 முதல் அதே அலுவலகம் யூசாரூர். அதே நாளில் யூகாம் என்ற பெயரில் முற்றிலும் வேறொரு தலைமையகம், முப்படைக்கும் பொதுவாக, ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது. அது பாரிஸ் போய், 1967 இல் ஷ்டுட்கார்ட் வந்து, இன்றும் அங்கே இருக்கிறது. அதாவது 1950 இல் யூகாம் என்றால் ஒன்று, 1955 இல் யூகாம் என்றால் இன்னொன்று. இது தெரியாமல் நான் பணம் கட்டி ஸ்கேன் செய்து வாங்கிய முதல் 140 பக்கத்தில் ஹைடெல்பெர்க் என்ற சொல்லே இரண்டு இடத்தில்தான் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது, கேட்டதைத்தானே அனுப்பினார்கள்.

உள்ளூர் நிர்வாகத்துக்கும் இதே கூத்துதான். ஆரம்பத்தில் ஹைடெல்பெர்க் மிலிட்டரி போஸ்ட், 1950களில் ஹெட்குவார்ட்டர்ஸ் ஏரியா கமாண்ட், பிற்பாடு மிலிட்டரி கம்யூனிட்டி ஆக்டிவிட்டி, அப்புறம் 26 ஆவது ஏரியா சப்போர்ட் குரூப், கடைசியில் யுஎஸ் ஆர்மி கேரிசன். வேலை ஏறத்தாழ ஒன்றுதான், வீடு ஒதுக்குவது, குப்பை அள்ளுவது, பள்ளிக்கூடப் பேருந்து விடுவது. லெட்டர்ஹெட் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அதனால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஜெர்மன் பழைய பெயர், அமெரிக்கப் பெயர், பேச்சுப் பெயர், இன்றைய தெருப் பெயர். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அந்தந்தக் காலத்துப் பெயர், அதன் சுருக்கம். கூடவே ஏபிஓ எண், அதாவது ராணுவத் தபால் எண். ஹைடெல்பெர்க் தலைமையகத்துக்கு நெடுங்காலம் 403, பின்னால் ஐந்து இலக்கமானபோது 09403. கடிதம், போட்டோ, பழைய ரசீது எதிலும் ஊர்ப் பெயர் இல்லாமல் இந்த எண் மட்டும் இருக்கும், ஏலத் தளங்களில் பழைய உறைகளைத் தேடவும் இந்த எண்தான் உதவும்.

மூன்றாம் படி: வீட்டுப் பக்கத்து ஆவணக்காப்பகம்

அமெரிக்காவுக்கு மெயில் போடும் ஆசை வரும், அடக்குங்கள். முதலில் நகர ஆவணக்காப்பகம், ஜெர்மனில் ஷ்டாட்ஆர்க்கீவ். முன்கூட்டி மெயில் எழுதி நாள் வாங்குங்கள், எதைத் தேடுகிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள், உங்கள் பெயர்ப் பட்டியலை இணையுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் காப்பாளர்களின் முகமே மாறும், ஆள் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று.

முதலில் கேட்க வேண்டிய சொல் பெஷ்லாக்னாமே, வீட்டை அரசு கைப்பற்றுவது. 1945 இல் அமெரிக்கர்கள் தங்க வீடு வேண்டும், நல்ல வீடுகளில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள், சில நேரம் சில மணி அவகாசத்தில். யார் வீடு, என்ன சாமான் உள்ளே விட்டுவிட்டுப் போனார்கள், எத்தனை நாற்காலி, பியானோ உண்டா, எல்லாம் பட்டியலாக இருக்கும். அதன் பின்னால் வருடக்கணக்கில் வீட்டுக்காரர்கள் எழுதிய மனுக்கள். "என் தோட்டத்து ஆப்பிளையாவது பறித்துக்கொள்ள விடுங்கள்" என்கிற தொனியில் வரும் கடிதங்களைப் படித்தால் பெரிய சரித்திரம் எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். எனக்கு இந்த மனுக்கள்தான் மொத்த ஆராய்ச்சியிலேயே பிடித்தவை, ஒரு முழுக் குளிர்காலம் இவற்றிலேயே போனது.

இரண்டாவது பவ்ஆக்டன், கட்டிடக் கோப்புகள். குடியிருப்புகளின் வரைபடம், கழிவுநீர்க் குழாய், மாடியில் வேலைக்காரப் பெண்களுக்கென்று போட்ட சின்ன அறைகள் உட்பட. கட்டிடத்தின் இன்றைய உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்பார்கள், வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது அதிகம் பேருக்குத் தெரியாதது. ராணுவத்தால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க ஜெர்மன் அரசு தனி அலுவலகங்கள் வைத்திருந்தது, அம்ட் ஃப்யூர் ஃபெர்டைடிகுங்ஸ்லாஸ்டன் என்று நாக்கு சுளுக்கும் பெயர், பாதுகாப்புச் சுமைகளுக்கான அலுவலகம் என்று பொருள். டாங்கி ஏறிய வயல், ஜீப் இடித்த மதில், எல்லாவற்றுக்கும் மனு, சாட்சி, தொகை. இவை பெரும்பாலும் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கும், ஹைடெல்பெர்க் பகுதிக்கு அது கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள கெனரால்லாண்டஸ்ஆர்க்கீவ். ஆர்க்கீவ்போர்ட்டால் டே என்ற இணையதளத்தில் ஜெர்மனியின் பல காப்பகங்களின் பட்டியல்களை ஒரே இடத்தில் தேடலாம், வீட்டிலிருந்தே.

சரி, எது கிடைக்காது? ராணுவத்தினரும் அவர்கள் குடும்பமும் ஜெர்மன் குடியிருப்புப் பதிவில் சேர வேண்டியதில்லை, நேட்டோ ஒப்பந்தத்தில் அப்படி விலக்கு. அதனால் நகரத்தின் முகவரிப் புத்தகத்தில் உங்கள் கட்டிடமே ஓட்டை விழுந்தது மாதிரி இருக்கும். நான் முதலில் பக்கம் கிழிந்துவிட்டதோ என்று நினைத்தேன். திருமணங்கள் மட்டும் விதிவிலக்கு, ஜெர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்ட வீரர் ஜெர்மன் பதிவு அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும். ஜெர்மன் பெண்களைத் திருமணம் செய்ய அமெரிக்க ராணுவம் அனுமதித்தது 1946 டிசம்பரில். திருமணப் பதிவேடுகள் 80 வருடம் மூடியிருக்கும், ஆக 1947 ஆம் வருடப் பதிவேட்டுக்கு அந்தக் கெடு 2027 இல்தான் முடிகிறது. பிறப்புக்கு 110, இறப்புக்கு 30. மற்ற கோப்புகளுக்குப் பொதுவாக 30 வருடம், தனி ஆளைப் பற்றியது என்றால் அவர் இறந்து இன்னும் 10 வருடம்.

ஒரு எச்சரிக்கை. 1940களின் குறிப்புகளில் வயதான குமாஸ்தாக்கள் ஓரத்தில் எழுதியது பழைய ஜெர்மன் கையெழுத்து, இன்றைய ஜெர்மன் இளைஞர்களுக்கே படிக்க வராது. எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். அல்லது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு கேக் கொண்டுபோங்கள், அங்கே படிப்பவர்கள் உண்டு.

நான்காம் படி: அமெரிக்கப் பக்கம்

மூன்று இடம், மூன்றும் வேறு வேறு வேலைக்கு.

மேரிலாந்து மாநிலத்தில் காலேஜ் பார்க் என்ற ஊரில் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம். அலுவலகக் கோப்புகள் இங்கே. எல்லாம் ரெக்கார்ட் குரூப் எண்ணால் பிரிக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியவை 260, 1945 முதல் 1949 வரை இருந்த ராணுவ ஆட்சி அலுவலகத்துடையது. 466, அதன்பின் 1955 வரை இருந்த, ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையருடையது. 549, ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தரைப்படையுடையது, குடியிருப்பு ஆராய்ச்சிக்கு இதுதான் உயிர்நாடி. 338, தனித்தனிப் படைப்பிரிவுகள். 111, ராணுவப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள்.

260 க்கு மட்டும் விமானம் ஏற வேண்டாம். அதன் பெரும்பகுதியின் நுண்பட நகல்களை ஜெர்மன்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், கோப்லென்ஸில் உள்ள கூட்டரசு ஆவணக்காப்பகத்திலும் மியூனிக்கின் சமகால வரலாற்று நிறுவனத்திலும் பார்க்கலாம், அந்தந்த மாநிலப் பகுதி மாநிலக் காப்பகங்களில்.

மற்றதற்கு நேரில் போகவேண்டும், அல்லது ஆள் வைக்கவேண்டும். போவதானால் சில வாரம் முன்பே மெயில் எழுதுங்கள். எந்தத் தொகுப்பு, எந்தப் பெட்டி என்று கூடியவரை எண்ணோடு கேளுங்கள். வாசகர் அட்டை இலவசம். பேனா உள்ளே போகாது, பென்சில் அவர்களே தருவார்கள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் இருந்து ஒரு கோப்பு. உங்கள் கேமராவால் ஃபிளாஷ் இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஒருகாலத்தில் ரகசியமாக இருந்த தாள் என்றால் ரகசியம் நீக்கப்பட்டது என்ற சின்னச் சீட்டு ஒவ்வொரு படத்திலும் தெரியவேண்டும், மேசைப் பணியாளர் அதைத் தருவார். பெட்டி, கோப்பு எண் தெரியும்படி முதல் படத்தை எடுத்துவிட்டு அப்புறம் பக்கங்களை எடுங்கள். இதை ஒருநாள் மறந்தேன், 300 படம், எது எந்தப் பெட்டி என்று இன்றும் தெரியாது.

கோப்புகளுக்குள் வழி கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. 1960களின் ஆரம்பம்வரை ராணுவம் தசம எண் முறையில் கோப்பு வைத்தது, எந்த ஊர் அலுவலகம் என்றாலும் எண் ஒன்றேதான். 314.7 என்றால் படைப்பிரிவு வரலாறு. 319.1 அறிக்கைகள். 291.2 இனம் சார்ந்த விஷயங்கள். 250.1 நடத்தையும் ஒழுக்கமும், அதாவது சாராயக்கடைச் சண்டை முதல் காதல் விவகாரம் வரை. தலைப்பைப் பார்த்து மயங்காமல் 250.1 ஐயும் 291.2 ஐயும் கட்டாயம் கேளுங்கள், குடியிருப்பு உண்மையில் எப்படி வாழ்ந்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது இடம் செயின்ட் லூயிஸ், தனி ஆட்களின் பணிப் பதிவுகள். இங்கே ஒரு பெரிய சோகம். 1973 ஜூலை 12 அன்று அந்தக் காப்பகத்தின் அப்போதைய கட்டிடத்தில் தீ. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. அதனால் 1950களில் உங்கள் கட்டிடத்தில் இருந்தவரின் கோப்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் மார்னிங் ரிப்போர்ட் எனப்படும் தினசரித் தாள்கள் தப்பித்தன. கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவு ஒவ்வொன்றும் தினமும் எழுதும், இன்று யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் சொல்லாமல் ஓடிப்போனார். படைப்பிரிவின் பெயரும் மாதமும் தெரிந்தால் கேட்கலாம். பணி முடிந்து 62 வருடம் ஆன ஆளின் கோப்பு யாருக்கும் திறந்தது, அதற்குள் என்றால் நெருங்கிய உறவினருக்குத்தான் முழுதாகத் தருவார்கள்.

மூன்றாவது பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ராணுவப் பாரம்பரிய மையம், வீரர்கள் கொடுத்த கடிதங்கள், ஆல்பங்கள். நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் இணையப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1970களுக்குப் பிந்தைய பல கோப்புகள் காப்பகத்துக்கே வந்து சேர்ந்திருக்காது. அதற்குத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ராணுவத்துக்கே விண்ணப்பம் போடவேண்டும். வெளிநாட்டவரும் போடலாம். குறுகலாகக் கேளுங்கள், பொறுமையாக இருங்கள்.

ஐந்தாம் படி: பத்திரிகையைக் குறைந்தது மூன்று விதமாகப் படியுங்கள்

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 1972 மே 24 அன்று செம்படைக் குழு என்ற இடதுசாரி ஆயுதக் குழு காம்ப்பெல் பாரக்ஸுக்குள் கார் குண்டு வைத்தது, மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இதை ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸில் தேடுங்கள், ராணுவத்தினருக்கான நாளிதழ், பழைய இதழ்கள் கட்டணத்துக்கு இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்து உள்ளூர் ரைன்-நெக்கார்-ட்ஸைட்டுங். அமெரிக்கர்களே 1945 செப்டம்பரில் உரிமம் கொடுத்துத் தொடங்கிய பத்திரிகை அது, உரிமம் வாங்கியவர்களில் ஒருவர் தியோடர் ஹாய்ஸ், நாலு வருடத்தில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். ஒன்றில் கேட் பாதுகாப்பு பற்றி இருக்கும், இன்னொன்றில் பக்கத்துத் தெருக்காரர்கள் பற்றி. 1981 செப்டம்பர் 15 இல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தரைப்படையின் தலைவர் ஜெனரல் குரோசன் போன கார் மீது நெக்கார் ஆற்றங்கரையில் ராக்கெட் வீசப்பட்டதையும் இதே மாதிரி இரண்டிலும் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை வீரர்களே திருட்டுத்தனமாக அச்சடித்த தாள்கள். வியட்நாம் போர்க் காலத்தில் ஜெர்மனி முகாம்களில் இவை ஏராளம். 1970 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, கறுப்பின வீரர்கள் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கூடி ராணுவத்தில் உள்ள பாகுபாட்டைப் பற்றிப் பேசினார்கள். ராணுவத்தில் இனப் பிரிவினை கூடாது என்று அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டது 1948 இல், 22 வருடம் கழித்தும் இந்தக் கூட்டம் தேவைப்பட்டது. இந்த மாதிரி விஷயத்தைக் குடியிருப்பின் சொந்தப் பத்திரிகையில் தேடிப் பயனில்லை, அதில் கேக் விற்பனையும் கால்பந்து முடிவும்தான். விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் வீரர்களின் எதிர்ப்புப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறது, அங்கே போங்கள்.

புகைப்படம் பற்றி ஒரே விஷயம். அமெரிக்க அரசு ஊழியர் பணியின்போது எடுத்த படத்துக்குப் பதிப்புரிமை இல்லை, தாராளமாகப் போடலாம். ஜெர்மன் ஸ்டூடியோக்காரர் எடுத்ததுக்கு அவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. பின்பக்கத்து முத்திரையையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஆறாம் படி: ஆட்கள்

இரண்டு கூட்டம். ஒன்று அங்கே வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகள், தங்களை "மிலிட்டரி பிராட்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பள்ளி பழைய மாணவர் குழுக்களில் கிடைப்பார்கள், ஆண்டு மலர்கள் வைத்திருப்பார்கள், அதில் முகங்களோடு விளம்பரம் கொடுத்த உள்ளூர் ஜெர்மன் கடைகளும் இருக்கும். இன்னொன்று முகாமில் வேலை பார்த்த ஜெர்மன்காரர்கள், சமையல், கொதிகலன், தட்டச்சு, தோட்டம். இவர்களை யாரும் கேட்பதே இல்லை, 30 வருடம் உள்ளே இருந்தவர்கள் இவர்கள்தான், அமெரிக்கக் குடும்பங்கள் மூன்று வருடத்தில் ஊர் மாறிவிடுவார்கள்.

"உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லாம் நன்றாக இருந்தது என்று முடித்துவிடுவார்கள். பென்சில் வரைபடத்தை மேசையில் விரித்து, காலையில் எந்த கேட் வழியாகப் போனீர்கள் என்று கேளுங்கள். கொதிகலன் அறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எனக்கு விரலால் கோடு போட்டுக் காட்டினார், இந்த வாசல், இந்தப் படிக்கட்டு, இங்கே சைக்கிள் நிறுத்துவோம், இங்கே ஒரு அமெரிக்க அம்மா டிசம்பர் முழுக்க எங்களுக்குக் காபி வைப்பாள். அந்தப் படிக்கட்டு எந்த வரைபடத்திலும் இல்லை, ஆனால் போய்ப் பார்த்தால் சிமென்ட் பூசி அடைத்த தடம் சுவரில் இருக்கிறது.

காலக் கணக்கில் நினைவு நழுவும், அதற்கு டாலரை வைத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் 1961 வரை ஒரு டாலருக்கு 4.20 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்), அதன்பின் 1969 வரை 4. 1970களின் முடிவில் இரண்டுக்கும் கீழே விழுந்தது, வீரர்களின் குடும்பங்கள் ஊருக்குள் சாப்பிடப் போவதையே குறைத்துக்கொண்ட காலம். 1985 இன் தொடக்கத்தில் மறுபடி மூன்றைத் தாண்டி நின்றது. "டாலருக்கு நாலு மார்க் இருந்தப்போ" என்று யாராவது ஆரம்பித்தால் வருடம் பாதி தெரிந்துவிட்டது.

பதிவு செய்யும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அமெரிக்கத் தகப்பன் யார் என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் இந்த ஊர்களில் உண்டு, அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

ஏழாம் படி: கட்டுக்கதைகளைத் தட்டிப் பார்ப்பது

ஹைடெல்பெர்க்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், போரின்போது அமெரிக்க விமானங்கள் துண்டுத்தாள் போட்டன, ஹைடெல்பெர்க்கை விட்டுவைப்போம், நாங்களே அங்கே குடியிருக்கப் போகிறோம் என்று எதுகையோடு எழுதியிருந்தது என்று. அழகான கதை. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. இதே எதுகை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, விஸ்பாடனிலும் சொல்கிறார்கள். ஒரு கதை இரண்டு ஊரில் ஒரே வார்த்தையில் இருந்தால் இரண்டிலும் சந்தேகப்படுங்கள். எல்விஸ் பிரெஸ்லியும் அப்படித்தான், 1958 முதல் 1960 வரை அவர் பணியாற்றியது ஃப்ரீட்பெர்க்கில், குடியிருந்தது பாட் நவ்ஹைமில், ஆனால் பாதி ஜெர்மனியின் பீர்க் கடைகளில் அவர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது.

எல்லாக் கதையும் பொய் என்றும் இல்லை. ஜெனரல் பேட்டன் இந்த ஊரில்தான் செத்தார் என்று எங்கள் பேக்கரிக்காரர் சொன்னபோது நம்பவில்லை. தேடிப் பார்த்தால், 1945 டிசம்பர் 9 அன்று மன்ஹைமில் கார் விபத்து, 21 அன்று ஹைடெல்பெர்க் ராணுவ மருத்துவமனையில் மரணம். பேக்கரிக்காரர் சொன்னது அப்படியே சரி.

தேதி இல்லாத தாளுக்கும் தடயம் உண்டு. முகவரியில் 6900 ஹைடெல்பெர்க் என்று நாலு இலக்கம் இருந்தால் 1961 க்கும் 1993 ஜூனுக்கும் இடையில், 69 இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் 1993 ஜூலைக்குப் பின். ஏபிஓ நியூயார்க் என்று இருந்தால் 1991 க்கு முன், ஏபிஓ ஏஈ என்றால் பின்.

எட்டாம் படி: நடந்து பாருங்கள், அப்புறம் கொடுத்துவிடுங்கள்

படை போன பிறகும் தாள் உற்பத்தி நிற்கவில்லை. காலியான முகாம்கள் பெரும்பாலும் பீமா எனப்படும் கூட்டரசு நிலச் சொத்து நிறுவனத்திடம் வந்தன, நகரம் அதனிடம் வாங்கி மாற்றி அமைத்தது. இதற்கு ஜெர்மனில் கொன்வெர்ஸியோன் என்று பெயர், இந்தச் சொல்லைப் போட்டு நகரத்தின் இணையதளத்தில் தேடினால் கட்டிட வாரியாக ஆய்வு அறிக்கைகள் கிடைக்கும், எந்தச் சுவர் எந்த வருடத்தது என்பதுவரை. அவற்றை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். காம்ப்பெல் பாரக்ஸ் வாசலில் 1937 இன் கல் உருவங்கள் இன்னும் நிற்கின்றன, உள்ளே பழைய குதிரை லாயத்தில் இப்போது கச்சேரி நடக்கிறது, பக்கத்திலேயே அமெரிக்க உறவுக்கென்று மார்க் ட்வைன் மையம் இருக்கிறது, அங்கே பேசினால் தேடல் பாதி சுருங்கும். பிஎச்வி 2014 இன் இறுதியிலிருந்து அகதிகளின் முகாம், அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

சேர்த்ததை ஹார்ட் டிஸ்கில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தேதி, காப்பகம், பெட்டி எண், கோப்பு எண் இந்த வரிசையில் பெயர் வையுங்கள். நேர்காணல் ஒலிப்பதிவையும் சம்மதக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு நகர ஆவணக்காப்பகத்தில் கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். போன மாதம் என் முதல் உறையைக் கொடுத்தேன். கூடவே அந்த சாக்கெட்டின் போட்டோவும் பவ்ஆக்டனில் இருந்து எடுத்த சமையலறை வரைபடத்தின் நகலும், வரைபடத்தில் அதே சுவரில் இரண்டு சின்ன வட்டம், ஒன்றில் 110, இன்னொன்றில் 220. பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதிய காப்பாளர் கேட்டார், சாக்கெட்டையும் தருவீர்களா என்று. வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.